பாளையங்கோட்டைக் கிளாரிந்தா அம்மையார்

அதிராம்பட்டினத்து உப்பளங்களைக் கடந்து, கடற்கரையை ஒட்டித் தென்மேற்கே செல்வோர்க்கு, மல்லிப்பட்டினத்தின் அருகே எட்டு நிலைகள் கொண்ட கோபுரம் ஒன்று தோன்றும். மனோரா என்பது அதன் பெயர். நெப்போலியன் தோல்வியுற்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15ஆம் ஆண்டுகளில் அதனை எழுப்பினார். யான் அதிராம்பட்டினத்தில் வளர்ந்தவன். சிறு பருவத்தில் அக்கோபுரத்தை அண்ணாந்து நோக்கி, இதைக் கட்டிய அரசர் எத்தகையவர் என்று என் பாட்டனாரை வினவியதுண்டு. அவர் ஒரு பாதிரியாரால் வளர்க்கப்பட்ட அரசர் என்பதே எனக்குக் கிடைத்த முதல் விடை.

அப்பாதிரியார்தாம் சுவார்ட்ஸ் ஐயர். 1726ஆம் ஆண்டில் பிரஷியா தேசத்தில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்து, திருச்சிராப்பள்ளியிலும் பின்னர்த் தஞ்சையிலும் தொண்டாற்றி, மணம் புரியாமலே வாழ்ந்து, 1798இல் தஞ்சையிலேயே உயிர் நீத்தவர். தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையில் அவர் கட்டிய கோயிலினுள், பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பி வடித்த சலவைக்கல் சிற்பம் ஒன்று இன்றும் உள்ளது. மரணப் படுக்கையில் கிடக்கும் ஐயரின் அருகே சரபோஜி மன்னர் நிற்பதை அதிற் காணலாம். அச்சிற்பத்தைச் செய்வித்தவரும் அவரே. அம்மன்னர் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவியவரல்லர். தழுவாமை பற்றி ஐயரின் அன்பு குறைந்ததுமில்லை.

இஃது இங்ஙனமாக, அதே தஞ்சையில், அதே சுவார்ட்ஸ் ஐயரை ஒரு பெண் அணுகினார். அரசர் வேண்டாத ஞானஸ்நானத்தை அவர் வேண்டினார். வேண்டாதவரிடம் நீண்டிருந்த கை, வேண்டியவரிடம் நீளவில்லை. ஏன் நீளவில்லை, பின்னர் எப்போது நீண்டது, அதனால் விளைந்தது யாது என்பனவே இச்சரித்திரத்தின் சாரம். திருநெல்வேலித் திருச்சபையின் தாய் என்று போற்றப்பெறும் கிளாரிந்தா அம்மையாரே அப்பெண். அவர் பெயரை நம்மில் பலர் அறிவோம். அவர் நின்ற வாசற்படியை நாம் அத்துணை அறிவதில்லை.

பிறப்பும் கைம்மையும்

அம்மையார் மராட்டிய அந்தணர் குலத்தில் தோன்றியவர். அந்நாளில் தஞ்சையை ஆண்டவர்கள் மராட்டிய மன்னர்கள் ஆதலின், அவர்தம் அரண்மனைச் சேவகத்தின் பொருட்டு மராட்டிய அந்தணர் பலர் காவிரி நாட்டிற் குடியேறியிருந்தனர். அவ்வகைக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்ட இவர், இளமையிலேயே கணவனை இழந்தார். பெற்றோர் இவருக்கு இட்ட பெயர் கோகிலா என்று ஒரு வழக்கு உண்டு. கணவனின் சிதையில் இவரை ஏற்ற முயன்றபோது, ஆங்கிலேயப் படைத்தலைவர் ஒருவர் குறுக்கிட்டு மீட்டார் என்று கர்ணபரம்பரையாகக் கூறுவர். 1915இல் அ. மாதவையா ஆங்கிலத்தில் எழுதிய கிளாரிந்தா என்னும் நாவலும் அக்கதையைப் பரவச் செய்தது. மாதவையா அந்தணர், கிறிஸ்தவர் அல்லர், உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஆயினும் கிறிஸ்தவர்கள் மறக்கத் தொடங்கிய ஒரு பெண்ணின் பெயரைப் பெரிய உலகின் நினைவில் நிறுத்தியவர் அவரே என்பதை நாம் நன்றியுடன் எண்ணுதல் வேண்டும்.

சிதையின் கதை மெய்யாயினும் அன்றாயினும், அக்காலத்து இளங் கைம்பெண்ணின் நிலை சிதையினும் பெரிதும் மேம்பட்டதன்று. உடன்கட்டை ஏறுதலைச் சட்டம் தடுத்தது 1829ஆம் ஆண்டில். கைம்பெண் மறுமணத்திற்குச் சட்டம் இடங்கொடுத்தது 1856ஆம் ஆண்டில். அம்மையாரின் இளமையோ இவற்றுக்கெல்லாம் அரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது. சுற்றத்தார்க்கு அமங்கலம், தெருவார்க்கு அபசகுனம், மறுமணம் என்ற சொல்லை நாவில் எடுத்தலும் பாவம். இந்நிலையில் நின்ற ஒரு பெண்ணுக்கு மனிதராக மதித்துப் பேசிய ஒருவர் கிடைத்தார்.

அவர் லிட்டில்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. தஞ்சையில் ஆங்கிலேயப் படை தங்கியிருந்த காலம் அது. அம்மையார் அவருடன் வாழலானார். அவரை மணந்துகொள்வதாக லிட்டில்டன் கூறியிருந்தார். ஆனால் மணம் நிகழவில்லை. மணம் செய்யாவிடினும் அவ்வதிகாரி ஒன்று செய்தார்: தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும், வேதாகமத்தின் முதன்மையான போதனைகளையும் அம்மையாருக்குக் கற்பித்தார். ஊர் இகழ்ந்த அந்த வீட்டினுள்ளேதான் அம்மையாரின் விசுவாசம் முளைத்தது. விதை விழும் நிலத்தை விதைப்பவன் தெரிந்தெடுப்பான், வழிப்போக்கர் தெரிந்தெடுப்பதில்லை.

மறுக்கப்பட்ட ஞானஸ்நானம்

கற்றதை மனத்தோடு நிறுத்திக்கொள்ள அம்மையார்க்கு இயலவில்லை. சபையில் ஒருவராக எண்ணப்பெற வேண்டும் என்று விரும்பினார். சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாமல் ஓர் ஆடவருடன் வாழ்கின்றமையால் அதனைத் தர இயலாது என்று ஐயர் மறுத்துவிட்டார்.

ஐயரைக் குறை கூறுதல் எளிது. ஆயினும் அவர் நின்ற இடத்தை நாம் அறிதல் வேண்டும். ஐரோப்பியப் படை வீரர்களின் ஒழுக்கம் தென்னாட்டுச் சபைகளுக்குத் தீராத தலைகுனிவாய் இருந்த காலம் அது. கிறிஸ்தவர் என்று பெயர் பூண்டவர்களின் நடையைக் கண்டு மக்கள் நகைத்ததை ஐயர் நன்கு அறிவார். விவாகம் என்னும் நியமத்தைத் தளர்த்தினால் பெண்களுக்கே கேடு விளையும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். அவ்வச்சம் பொருளற்றதன்று.

எனினும் அந்நியமம் யார்மேல் விழுந்தது என்பதை நோக்குக. மணப்பதாகச் சொல்லி மணவாதிருந்தவர் ஆடவர். அவர் பிறப்பாற் கிறிஸ்தவர். அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. மணத்தைத் தாமே நடத்திக்கொள்ள எவ்வாற்றானும் வலியற்றவர் அப்பெண். வெளியே நிறுத்தப்பட்டவரும் அப்பெண்ணே. அவர் பிறந்த குலம் மறுமணத்தை மறுத்தது. உடன் வாழ்ந்தவர் மணத்தைத் தள்ளிப் போட்டார். சபை, மணம் இல்லையே என்று கதவை அடைத்தது. மூன்று பக்கமும் சுவர் எழுப்பிவிட்டு, நீ ஏன் வெளியே நடந்து வரவில்லை என்று ஒருவரைக் கேட்பது போன்றது இது. நியமம் நல்லதே. அதனை நிறைவேற்றும் வழி அவர் கையில் இல்லாதபோது, அந்நியமத்தின் பாரம் முழுவதும் அவர் தலையில் ஏற்றப்பட்டது. இதனை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோமாக. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

மறுக்கப்பட்டவர் என்ன செய்தார்? பெரும்பாலோர் அத்துடன் அகன்றிருப்பர். அம்மையார் அகலவில்லை. ஞானஸ்நானம் இல்லாதிருந்தும் கிறிஸ்துவை அவர் விடவில்லை.

பாளையங்கோட்டை

லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டபோது அம்மையாரும் உடன் சென்றார். பாளையங்கோட்டை தாமிரபரணி நாட்டில் ஆங்கிலேயப் படை தங்கிய கோட்டை ஊர். அங்கே கிறிஸ்து மார்க்கத்தின் ஒலி அறவே கேளாதிருந்தது என்று சொல்வதற்கில்லை. 1771ஆம் ஆண்டிலேயே சவரிமுத்து என்னும் ஒரு கிறிஸ்தவர் அங்கிருந்து ஊராருக்கு வேத வசனங்களை வாசித்துக் காட்டியதைச் சுவார்ட்ஸ் ஐயர் குறித்துள்ளார். ஆயினும் சபை என்று சொல்லத்தக்க ஒன்று அங்கு இல்லை, குருவும் இல்லை, கோயிலும் இல்லை.

சில காலத்தில் லிட்டில்டன் நோயுற்று இறந்தார். அம்மையார் இரண்டாம் முறையும் தனித்தவரானார். இப்போது அவருக்கு முன்னே இரண்டு வழிகள் இருந்தன. கையிலிருந்த பொருளைக் கொண்டு எவரும் அறியாமல் எங்கேனும் வாழ்ந்துவிடலாம். அல்லது, தம்மை மறுத்த சபையின் கதவை மீண்டும் தட்டலாம். அவர் தட்டினார்.

1778ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அம்மையார் மீண்டும் ஞானஸ்நானம் கேட்டார். ஐயர் அவரை விசாரித்து, அவருடைய அறிவிலும் நடையிலும் மனநிறைவு கொண்டு, ஞானஸ்நானம் அளித்தார். கிளாரிந்தா என்பது அன்று பெற்ற பெயர். இளங் கைம்பெண் என்றும், துரையுடன் வாழ்பவள் என்றும், அதனினும் இழிந்த சொற்களாலும் அழைக்கப்பட்டு வந்தவருக்கு, அவரே ஏற்றுக்கொண்ட ஒரு பெயர் அன்று கிடைத்தது. பிற்காலத்தார் அதற்குமுன் ஓர் அடைமொழியும் சேர்த்து இராச கிளாரிந்தா என்றனர்.

கோயிலும் கிணறும்

ஞானஸ்நானம் பெற்றதோடு தம் ஆசை நிறைவேறியதென்று அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. தம்மைச் சூழ்ந்தோர்க்குத் தாம் கற்றதைக் கற்பித்தார். அவரது இல்லம் ஒரு சிறு சபையாயிற்று. 1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையாரின் பெயர்கள் ஒரு பதிவிற் குறிக்கப்பட்டன. அதிற் கண்டவை நாற்பது பெயர்கள். அந்நாற்பதின்மரும் ஒரு சாதியார் அல்லர், பற்பல சாதியார். முதற்கண் நிற்கும் பெயர் கிளாரிந்தா. திருநெல்வேலிச் சீமையில் வேரூன்றிய புரொட்டஸ்தாந்துத் திருச்சபை முழுவதற்கும் அந்நாற்பது பெயர்களே வித்து.

சபை கூடுதற்கு ஒரு கோயில் வேண்டும் என்று அம்மையார் எண்ணினார். தம் கைப்பொருளை ஈந்தும், ஊரிலிருந்த ஆங்கிலேயர் சிலரின் உதவியைப் பெற்றும், பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் ஒரு சிறு கோயிலை எழுப்பினார். 1785ஆம் ஆண்டில் அதனைப் பிரதிஷ்டை செய்தவர் சுவார்ட்ஸ் ஐயரே. ஒரு காலத்தில் எவரைச் சபைக்குள் வரவொட்டாமல் தடுத்தாரோ, அவர் கட்டிய கோயிலினுள்ளே ஐயர் நின்று ஜெபித்தார். அந்த நாளில் அவர் உள்ளத்தில் ஓடிய எண்ணங்களை நாம் அறியோம். ஆனால் அக்கோயில் நிற்கின்றது. ஊரார் அதனைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று வழங்கி வருகின்றனர்.

கோயிலோடு ஒரு கிணற்றையும் அம்மையார் வெட்டுவித்தார். அதற்கும் பாப்பாத்தி அம்மாள் கிணறு என்பதே பெயர். நீருக்காக ஒரு தெருவார் மற்றொரு தெருவாரிடம் கையேந்தி நின்ற நாட்டில், கிணறு வெட்டுதல் என்பது வெறுந் தருமமன்று. இன்னார் மொள்ளலாம், இன்னார் மொள்ளலாகாது என்ற கணக்கின்மேல் ஒரு கேள்வியுமாகும்.

சபை வளரவே, அதனைப் பேணுதற்கு ஆள் வேண்டியதாயிற்று. ஐயர் தம்மிடம் பயின்ற சத்தியநாதன் என்னும் தமிழரைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். பின்னர் 1790ஆம் ஆண்டு தஞ்சையில் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் யெனிக்கே என்னும் ஜெர்மானிய ஐயரும் வந்து சேர்ந்தார். 1799ஆம் ஆண்டில் தாவீது சுந்தரானந்தம் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பை ஏற்படுத்தினார். 1802ஆம் ஆண்டை ஒட்டி, கெரிக்கே ஐயரும் சத்தியநாத ஐயரும் அந்நாட்டில் ஆயிரக்கணக்கானோர்க்கு ஞானஸ்நானம் அளித்தனர். இவற்றையெல்லாம் அம்மையார் உயிரோடிருந்து கண்டார். 1806ஆம் ஆண்டை ஒட்டி அவர் இறைவனடி சேர்ந்தார். தாம் கட்டிய கோயிலின் அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

இன்று பாளையங்கோட்டையில் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் மல்கியுள்ளன. கண்ணிழந்தோர்க்கும் காது கேளாதோர்க்கும் அங்கே பள்ளிகள் உண்டு. திருநெல்வேலி அத்தியட்சாதீனம் தென்னிந்தியாவின் பெருஞ்சபைகளுள் ஒன்று. இத்துணையும், ஒரு நாள் தகுதியில்லை என்று திருப்பியனுப்பப்பட்ட பெண் ஊன்றிய நாற்றின் விளைவு. தஞ்சை நாட்டு உழவர்கள் அறிவார்கள்: நாற்றங்காலில் முளைத்தது அங்கேயே கதிராவதில்லை, பிடுங்கி வேறு வயலில் நட்டால்தான் விளையும். தஞ்சையில் பிடுங்கப்பட்ட இந்நாற்று, பொருநைக் கரையில் விளைந்தது.

அம்மையார் வாழ்வு உணர்த்துவது

நிற்க. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் சரித்திரத்தை இன்று எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு.

என்னுடன் வளர்ந்த இளைஞன் ஒருவன் உளன். நன்றாகப் பாடுவான், பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்து வந்தான். கிறிஸ்துமஸ் நாட்களில் இரவெல்லாம் வீடுவீடாகச் சென்று பாடுகையில் எங்களுக்கு முன்னே விளக்குப் பிடித்துச் சென்றவன் அவன். ஆடவர்பால் அன்றிப் பெண்கள்பால் தன் மனம் செல்வதில்லை என்பதை அவன் ஒரு நாள் என்னிடம் சொன்னான். அதைச் சொல்ல அவனுக்கு ஈராண்டு ஆயிற்றாம். பின்னர் அச்செய்தி வேறு வழியாகச் சபையிற் பரவியது. எவரும் அவனை வெளியே போ என்று சொல்லவில்லை. ஆர்மோனியம் மட்டும் வேறொருவர் கைக்கு மாறிற்று. இப்பொழுது அவன் கடைசிப் பலகையில் உட்கார்ந்து, திருவிருந்து தொடங்குமுன் எழுந்து போய்விடுகின்றான். அவனைக் காணுந்தோறும் கிளாரிந்தா அம்மையாரின் நினைவு எனக்கு வருகின்றது.

தன்பாலீர்ப்புடையோரைப் பற்றித் திருச்சபைகளிடையே இன்று ஒருமித்த கருத்து இல்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 377ஆம் பிரிவு அவர்களைக் குற்றவாளிகள் ஆக்கியிருந்தது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், விருப்பமுள்ள வயது வந்தோரின் உறவு குற்றமன்று என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில், அவர்தம் திருமணத்திற்குச் சட்ட அங்கீகாரம் அளிக்க அந்நீதிமன்றம் மறுத்துவிட்டது. உரோமைத் திருச்சபை, அத்தகைய இணையர் வேண்டினால் குருமார் வழிபாட்டுச் சடங்கு இன்றி ஆசி கூறலாம் என்று 2023 டிசம்பரில் இசைந்தது. அதனை மணமாகக் கொள்ளலாகாது என்றும் வரையறுத்தது. தரங்கம்பாடிச் சபையோடு நெடுநாள் உறவு பூண்ட சுவீடன் லுத்தரன் திருச்சபையோ, 2009ஆம் ஆண்டிலேயே அவர்களுக்கு மணம் செய்து வைக்க முடிவு செய்தது. 1998ஆம் ஆண்டில் இலாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் அத்தியட்சர்கள் அவ்வுறவு வேதத்திற்கு ஒவ்வாதது என்று தீர்மானித்தனர். ஆயினும் அதே தீர்மானத்தில், ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிகள் எவ்வியல்பினராயினும் கிறிஸ்துவின் சரீரத்தில் முழு உறுப்பினரே என்றும், அவர்கள் கூறுவதைச் சபை செவிமடுக்க வேண்டும் என்றும் எழுதினர். தீர்மானத்தின் ஒரு பகுதியை நம்மவர் நன்கு நினைவில் வைத்துள்ளனர். மறு பகுதியை யாம் எங்கும் கேட்டதில்லை.

இவ்வழக்கைத் தீர்த்து வைக்கும் கல்வியும் வயதும் எனக்கு இல்லை. ஆயினும் அம்மையாரின் வாழ்விலிருந்து சில செய்திகளை எடுத்துக் கூறலாம் என்று துணிகின்றேன், மூத்தோர் பொறுத்தருள்க.

முதலாவது, சபையின் நியமங்கள் அசையாதன என்று எண்ணுதல் சரித்திரத்திற்கு ஒத்ததன்று. தஞ்சைச் சபையில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்தல் ஒழுங்கு என்று கருதப்பட்டது. 1833ஆம் ஆண்டில் வில்சன் அத்தியட்சர் அதனை ஒழிக்க ஆணையிட்டபோது, சபையே சிதைந்துவிடும் என்று பலர் வெகுண்டெழுந்தனர். சபை சிதையவில்லை. பல மனைவியரை உடையவனுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று 1888ஆம் ஆண்டில் இலாம்பெத்தில் அத்தியட்சர்கள் தீர்மானித்தனர். சரியாக நூறாண்டு கழித்து, 1988இல், அதே மன்றத்தார், அத்தகையவன் மேலும் மணம் புரிவதில்லை என்று வாக்களித்தால், விசுவாசமுள்ள மனைவி மக்களோடு அவனை ஏற்கலாம் என்றனர். மனைவியரைத் தள்ளிவிட்டு வா என்றதனால் அப்பெண்கள் தெருவில் நின்றதைச் சபை கண்டது, கண்டு கற்றது.

இரண்டாவது, ஒரு மறுப்பு எழலாம். மணமிலா வாழ்வு முடிந்த பின்னரே அம்மையாருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது; ஆகவே அவர் சரித்திரம் நியமத்திற்கே சான்று என்பர் சிலர். இம்மறுப்பு வலியுடையது, இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் அவ்வாழ்வை முடித்தது எது? அம்மையாரின் துறவன்று, ஐயரின் அருளுமன்று, லிட்டில்டனின் சாவு. நியமம் அசையவில்லை, மரணம் வழிவிட்டது. தான் நேசித்த ஒருவரின் சாவுக்குப் பின்னரே ஒருவர் இறைவனின் வாசலில் நுழையலாம் என்று நிறுத்தி வைப்பது சபைக்கு அழகாகுமா என்பதே என் ஐயம். லிட்டில்டன் நெடுங்காலம் வாழ்ந்திருந்தால் பாளையங்கோட்டையின் கோயில் என்னாயிருக்கும்? நாற்பது பெயர்களின் முதல் வரி வெறுமையாய் இருந்திருக்கும்.

மூன்றாவது, முன்னர்க் கூறிய அந்த மூன்று சுவர்கள். மணமில்லை என்று அம்மையாரை மறுத்தனர்; மணத்திற்கோ வழி வைக்கவில்லை. இன்று என் நண்பனைப் போன்றோரிடம் நாம் சொல்லுவதும் அதுவே. மணத்திற்குள் வாழ்வதே தூய்மை என்கிறோம். அவர்களுக்கு மணம் என்பது சட்டத்திலும் இல்லை, கோயிலிலும் இல்லை. ஒருவர் துறவறத்தைத் தாமே விரும்பி ஏற்றல் வேறு. சுவார்ட்ஸ் ஐயர் அவ்வாறு ஏற்றார். விரும்பாதவர்மேல் அதனைச் சுமத்திவிட்டு, சுமை தாங்காமல் இடறினால் வாசலைச் சாத்துதல் வேறு. மிகவும் நற்குணம் வாய்ந்த ஐயரே இவ்வேற்றுமையை உணரத் தவறினார் என்றால், நாம் தவறமாட்டோம் என்பதற்கு உறுதி யாது?

நம் ஆண்டவர் சமாரியாவில் ஒரு கிணற்றருகே அமர்ந்திருந்த செய்தியை நாம் அறிவோம். அங்கு வந்த பெண்ணுக்கு ஐந்து கணவர்கள் இருந்தனர். அப்போது உடன் இருந்தவனோ கணவன் அல்லன். ஆண்டவர் அதனை அறியாதவரல்லர். அறிந்ததை அப்பெண்ணிடம் மறைக்கவுமில்லை. எனினும் அவர் முதலில் கேட்டது கணக்கன்று, குடிக்கத் தண்ணீர். அப்பெண் சென்று அழைத்ததனால் ஊர் முழுதும் அவரிடம் வந்தது. பிலிப்பு எத்தியோப்பியனாகிய அண்ணகன் ஒருவனைப் பாலைவழியிற் கண்டபோதும், தண்ணீர் இருக்கின்றதா என்பதே கேள்வியாய் இருந்தது. அவன் உடலின் நிலை கேள்வியாய் இருக்கவில்லை. பழைய நியாயப்பிரமாணத்தின்படி அவனைப் போன்றோர்க்குச் சபையில் இடமில்லை என்பதைப் பிலிப்பு அறியாதவர் அல்லர்.

கிளாரிந்தா அம்மையார் தாம் வெட்டுவித்த கிணற்றுக்குக் காவல் வைத்ததாக எவரும் சொல்லவில்லை. வாசலில் நிறுத்தப்பட்ட வேதனையை அறிந்தவர் அவர்; ஆகையால் நீரையும் வேதத்தையும் பலருக்கும் பொதுவாக்கினார். சபைகள் தம் நியமங்களை ஆராயட்டும். கற்றவர்கள் வேத வசனங்களை மூல பாஷைகளில் ஆராய்ந்து முடிவு கூறட்டும். அதற்கு ஆண்டுகள் பல ஆகலாம். அதுகாறும் என் நண்பன் கடைசிப் பலகையிலிருந்து எழுந்து போகாதபடி அவனருகே சென்று உட்கார்தல் நம் கையில் உள்ளது. அதற்கு எம்மன்றத்தின் தீர்மானமும் வேண்டுவதில்லை.

விடுமுறையில் பாளையங்கோட்டைக்குச் செல்லும் அன்பர்கள், பெரிய ஆலயங்களைக் கண்ட பின்னர், அச்சிறு கோயிலையும் கண்டு வருவாராக. அதனைக் கட்டியவர் ஒருகால் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டவர் என்பதை அதன் வாசலில் ஒரு கணம் நின்று எண்ணுவாராக. நாற்பது பெயர்களுக்கு முன்னே நின்ற அப்பெயரை வாழ்த்துவோம். இன்று பதிவில் எழுதப்படாமல் நிற்கும் பெயர்கள் எவை என்றும் வினவுவோம்.